நுரையீரல்: இயல்பு

இன்று காலை வடக்கு மாடவீதியில் ஒரு மளிகைக் கடையில் நின்றிருந்தேன். அம்மா எழுதிக் கொடுத்த சீட்டில் கடைசி வரி கிராம்பு. கடைக்காரர் டின்னைத் திறந்து ஒரு கரண்டி அள்ளினார். அவ்வளவுதான். கோயில் குளம், பூக்கடை, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஆட்டோ எல்லாம் எங்கோ போய்விட்டன. பிணவறையின் வாசலில் நீங்கள் வாய்க்குள் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, "வாங்க மேடம், இன்னிக்கி மூணு கீது" என்று சொல்லி நிற்கிறீர்கள். கடைக்காரர் இரண்டு முறை "வேற இன்னாம்மா?" என்று கேட்டாராம். மூன்றாவது முறைதான் என் காதில் விழுந்தது. வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிராம்பையும் வாங்காமல் வந்துவிட்டேன்.

உயிரோடு இருந்தவரை உங்களை "ஏம்பா" என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பது, உங்கள் பிரேதப் பரிசோதனைத் தாளில் வயதை நிரப்பும்போதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது நீங்கள் என்று எழுதுகிறேன். இப்படித் தாமதமாக வரும் மரியாதையால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, தெரியும். ஆனாலும் "ஏம்பா" என்று எழுத இன்று கை வரவில்லை.

பதினெட்டு வருடங்கள் நாம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். நான் டாக்டர், நீங்கள் பிணவறை உதவியாளர். பிணத்தை அறுப்பது டாக்டர் என்றுதான் வெளியில் எல்லோரும் நினைக்கிறார்கள். நம் இடத்தில் அறுத்தது நீங்கள். நான் மூன்றடி தள்ளி அட்டையும் பேனாவுமாக நிற்பேன். "திருப்புப்பா", "இன்னும் கொஞ்சம் கீழே", "எடை என்ன?" என்று கேட்பேன். நீங்கள் திறந்து காட்டியதைப் பார்த்து எழுதுவேன். பாடப் புத்தகத்தில் அப்படி இல்லை. நானும் மாணவியாக இருந்தபோது கையில் கத்தி பிடித்தவள்தான். வேலைக்கு வந்த மூன்றே மாதத்தில், முன்னால் இருந்தவர்கள் நின்ற இடத்தில் நானும் போய் நின்றுகொண்டேன். அந்த மூன்றடி எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

நீங்கள் பிணங்களோடு பேசுவீர்கள். கத்தியை வைக்கும் முன்பு உறவுக்காரர்களிடம் பேரைக் கேட்டுக்கொண்டு வந்து, பேர் சொல்லியே பேசுவீர்கள். "கொஞ்சம் பொறுத்துக்க நைனா, தோ ஆயிடும்." முதல் வாரத்தில் நான் சிரித்தேன். அவருக்குக் கேட்கவா போகிறது என்றேன். நீங்கள் நிமிர்ந்து கூடப் பார்க்காமல், "கேக்காதுன்னு உங்களுக்கு யார் சொன்னது மேடம்? செத்துப் போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?" என்றீர்கள். பிறகு நான் சிரிக்கவில்லை.

தைப்பதிலும் உங்களுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கோணி ஊசியும் தடித்த நூலும்தான் நமக்குக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு, சட்டைக் காலருக்கு மேலே ஒரு தையல்கூடத் தெரியாதபடி முடிப்பீர்கள். மண்டையைத் திறந்த பெண்களுக்குத் தலை வாரி, வகிடு எந்தப் பக்கம் என்று வெளியே போய்க் கேட்டுவிட்டு வருவீர்கள். நேரமாகிறது என்று நான் எரிந்து விழுவேன். "வூட்டுக்காரங்க கடைசியா பாக்கறது மூஞ்சத்தான் மேடம்" என்பீர்கள்.

வாசலில் தினமும் ஒரே சண்டை. அறுக்கக் கூடாது என்று யாராவது கதறுவார்கள். போன உயிர் போய்விட்டது, இனிமேல் கிழித்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பார்கள். நான் சட்டத்தைச் சொல்வேன். சட்டம் யார் மனதில் இறங்கும்? நீங்கள்தான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் அவர்கள் பக்கத்தில் குந்துவீர்கள். "பூட்டின வூட்டுக்குள்ள இன்னா நடந்துச்சின்னு பாக்கணும்னா கதவத் தொறந்துதாம்மா ஆவணும். செத்தவருக்காவ இல்ல. வூட்ல மிச்சம் கீறீங்க பாரு, உங்களுக்காவ." எனக்குத் தெரிந்து இந்த வேலைக்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது. வகுப்பில் மாணவர்களுக்கு நான் இதையே என் சொந்தச் சரக்கு போலச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதையை ஒருமுறை உங்களிடம் சொல்லித் தொலைத்தேன். அபிராமபுரத்தில் வீடு. வேலை முடிந்து போனால் அம்மா வாசற்படியிலேயே நிறுத்திவிடுவாள். "ஆத்துக்குள்ள எதையும் தொடாதே. கொல்லைப் பக்கமா போய் ஸ்நானம் பண்ணிண்டு வா." பதினெட்டு வருடமும் அதேதான். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "உங்க வூட்ல உங்களையே வெளில நிக்க வெக்கிறாங்களா மேடம்! அப்ப நானு வந்தா தெரு முனையிலயே நிக்கணும் போல." நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பதினெட்டு வருடத்தில் உங்களை ஒருநாள்கூட வீட்டுக்குக் கூப்பிடவில்லை என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

அந்த இளம்பெண் விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள். புருஷன் சாப்பிட்டு எழுந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். சோற்றில் எதையோ கலந்துவிட்டாள் என்று மாமியார் ஊரைக் கூட்டிவிட்டாள். பிணவறை வாசலில் முப்பது பேர். அந்தப் பெண் தனியாகச் சுவரோரம் நின்றாள், அவள் பக்கம் ஒருவரும் இல்லை. உள்ளே மண்டையைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, எல்லாம் ரத்தக்கட்டி. நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் கையுறையைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனீர்கள். "வெசமும் இல்ல ஒண்ணியும் இல்ல. மூளைல நரம்பு வெடிச்சிருக்கு. பொறக்கும்போதே வந்த கோளாறு. எவனாவது இந்தப் பொண்ணு மேல கைய வெச்சீங்க, பாத்துக்கினு இருக்க மாட்டேன்" என்று நீங்கள் கத்தியது எனக்கு உள்ளே கேட்டது.

திரும்பி வந்ததும் உங்களைத் திட்டித் தீர்த்தேன். குடலும் ரத்தமும் ரசாயனப் பரிசோதனைக்குப் போக வேண்டும், முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் நீ எப்படி வெளியே சொல்லலாம் என்றேன். விதிப்படி நான் சொன்னது சரி. நீங்கள் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டே, "ரிப்போர்ட்டு வர்ற வரைக்கும் அது உசுரோட இருக்கணும் இல்ல மேடம்?" என்றீர்கள். ரசாயனப் பரிசோதனையிலும் விஷம் இல்லை என்றுதான் வந்தது.

கிராம்பு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். முதலில் உங்கள் வாயில் ஹான்ஸ் புகையிலை இருந்தது. பிறகு வெற்றிலை. கிராம்பு கடைசி ஒன்றரை இரண்டு வருடத்தில் வந்தது. நாற்றத்துக்காக என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பதினாறு வருடம் நாற்றத்துக்கு ஒன்றும் தேவைப்படாத மனிதருக்குத் திடீரென்று ஏன் தேவைப்படுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பிணத்தின் நகத்து நிறம் மாறியிருந்தால் கவனிக்கிறவள் நான். கத்தியை வைத்துவிட்டு அடிக்கடி பின்பக்கம் போனீர்கள். இருமிவிட்டு வருவீர்கள். இரண்டு இருமல் கேட்கும், மூன்றாவதைத் தொண்டையிலேயே அமுக்கிவிடுவீர்கள். "பீடிய விடுப்பா" என்று அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வேன். "விட்டு ஒரு வருசம் ஆவுது மேடம்" என்று ஒருநாள் பதில் சொன்னீர்கள். அதற்கும் நான் நிமிரவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. ஆற்றோரத்தில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்து உங்களை ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகு, இரண்டு பஸ் மாறி வருகிற அலைச்சல் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

பிறகு அந்தப் படிவம். பிணவறை ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை உடல் தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். வெளி நோயாளிப் பிரிவில் வரிசையில் நின்று வாங்க வேண்டியது. உங்கள் பிரிவிலேயே டாக்டர் இருக்கும்போது எதற்கு அலைய வேண்டும் என்று ஆபீசில் யாரோ வழி கண்டுபிடித்திருந்தார்கள். வருடா வருடம் நான்தான் போட்டுக் கொடுப்பேன். அன்று ஐந்து உடல்கள் காத்திருந்தன, வாசலில் இரண்டு இன்ஸ்பெக்டர்கள். நீங்கள் உங்களுடையதையும் மற்ற மூன்று பேருடையதையும் சேர்த்து நீட்டினீர்கள். எழுத வசதியாக அட்டையைப் பிடித்துக்கொண்டதும் நீங்கள்தான். பார்வை: இயல்பு. இதயம்: இயல்பு. நுரையீரல்: இயல்பு. மேலிருந்து கீழே ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். "மேடம், இந்த ஒரு மாசமா..." என்று ஆரம்பித்தீர்கள். "அப்புறம் சொல்லுப்பா, அந்தத் தூக்குக் கேசை முதலில் எடு" என்றேன். நீங்கள் போய் எடுத்தீர்கள்.

இறந்தவர் விஷயத்தில், கண்ணால் பார்க்காமல் ஒரு வரி எழுதியதில்லை என்று எனக்குப் பெரிய கர்வம் உண்டு. கோர்ட்டில் எத்தனை வக்கீல்கள் எப்படித் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள், ஒரு வரியைக்கூட அசைக்க முடிந்ததில்லை. உயிரோடிருந்த ஒருவருக்கு மட்டும் பார்க்காமல் எழுதினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. நீங்கள் வரவில்லை. ஒன்பதரை மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. கூட வந்த போலீஸ்காரர் தாளை நீட்டினார். "கிண்டி பஸ் ஸ்டாப்புல விழுந்து கிடந்தாரு மேடம். வாயெல்லாம் ரத்தம். யாராவது அடிச்சாங்களா, வண்டி எதாவது தட்டுச்சா, தெரியல. தண்ணி கேஸாத்தான் இருக்கும்." சேகர்தான் ஸ்ட்ரெச்சரின் துணியை விலக்கினார். உங்களுக்குக் கீழே பத்து வருடம் வேலை பார்த்தவர். விலக்கியவர் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ரத்தத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பளிச்சென்ற சிவப்பு, நுரை நுரையாக. அடிபட்ட ரத்தம் அப்படி இருக்காது. சட்டையைக் கழற்றினால் விலா எலும்புகளை எண்ணலாம். பதினெட்டு வருடத்தில் உங்கள் வெற்று மார்பை அன்றுதான் பார்த்தேன்.

பதினோரு மணிக்குக் கஸ்தூரி வந்தார். உங்கள் மனைவியை நான் அதற்கு முன்பு ஒரேயொரு தரம், தீபாவளி சமயத்தில் வாசலில் பார்த்திருக்கிறேன். கூட உங்கள் மகள் பிரியா, கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அப்படியே ஓடி வந்திருந்தாள். கஸ்தூரி அழவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"அம்மா, அவரு எத்தினி பேர அறுத்திருக்காரு, அத்தினியும் எனக்குத் தெரியும். ராவுல கையக் கழுவிக் கழுவி சோறு துன்னாம உக்காந்திருப்பாரு. அவர அறுக்காதீங்கம்மா. முழுசா குடுத்துருங்க."

பிரியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பட்டாவுக்குள் இருமினாள்.

விசாரணைக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர், உதவி செய்வதாகத்தான் நினைத்தார். "நம்ம ஸ்டாஃபு தானே மேடம். நோய்வாய்ப்பட்டிருந்தாரு, நெஞ்சு வலின்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா, நான் வழக்கை முடிச்சி பாடியைக் குடுத்துடறேன். அந்தம்மாவும் அதத்தானே கேக்குது."

உங்களிடம் ஒளிக்க மாட்டேன். எனக்கு ஆசை வந்தது. திறக்காமல் அனுப்பிவிட்டால் கஸ்தூரி என்னைக் கும்பிடுவார். இன்ஸ்பெக்டருக்கு வேலை மிச்சம். என் கையெழுத்தோடு ஆபீஸ் கோப்பில் இருக்கும் அந்தப் படிவத்தை யாரும் தேடப்போவதில்லை. திறந்தால், உள்ளே இருப்பது எதுவோ அதை நான் எழுத வேண்டும். எழுதினால் நான்கு மாதத்துக்கு முன்பு எழுதியதும் சேர்ந்து வெளியே வரும். கால் மணி நேரம் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நியாயத்தைப் பற்றி யோசித்தேன் என்று சொன்னால் பொய். என் வேலை போகுமா, அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன். ஆனால் அந்தப் பெண் துப்பட்டாவுக்குள் இருமியது நடுநடுவே வந்துகொண்டே இருந்தது. வீட்டில் மிச்சம் இருக்கிறவர்கள் என்று நீங்கள் சொல்வது எத்தனை பேருக்கோ பொதுவாகச் சொன்னது. அன்று வாசலில் நின்றது உங்கள் வீடு.

வெளியே வந்து, "அறுத்துத்தான் ஆகணும் கஸ்தூரி" என்றேன். அவர் என் முகத்தில் காறித் துப்பவில்லை. துப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "சரிம்மா. உங்களுக்கு அவரு பொணந்தான்" என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்.

சேகர் கத்தியைத் தொட மறுத்துவிட்டார். "என்னால முடியாது மேடம். சஸ்பெண்ட் பண்ணாலும் பண்ணிக்கங்க. அண்ணன் மேல நான் கைய வெக்க மாட்டேன்." மற்ற இருவரும் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. அட்டையைச் சேகரிடம் கொடுத்து, நான் சொல்வதை எழுது என்றேன். முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு, வருடக்கணக்காக நான் நின்ற இடத்திலிருந்து மூன்றடி முன்னால் வந்தேன்.

என் கை நன்றாக இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் ஒரே இழுப்பில் போடும் கீறலை நான் மூன்றாகப் போட்டேன். விலா எலும்பை வெட்ட எவ்வளவு பலம் வேண்டும் என்பது மறந்தே போயிருந்தது, வியர்த்துக் கொட்டியது. இதையா ஒரு நாளைக்கு ஐந்து தரம் நோய் பிடித்த நெஞ்சோடு செய்துகொண்டிருந்தீர்கள்? வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழி, எலுமிச்சம்பழம் போகும் அளவு. அதன் சுவர் தடித்து இறுகிப்போயிருந்தது. உள்ளே ஓடிய ரத்தக்குழாயை நோய் அரித்து, அது வெடித்திருந்தது. மூச்சுக்குழாய் முழுக்க ரத்தம். அடி கிடையாது, வண்டி மோதவில்லை. வயிற்றில் விழுங்கிய ரத்தமும், ஒரு டீயும் பன்னும். சாராய வாடை துளியும் இல்லை. காசநோய். சதைத் துண்டுகளைச் சோதனைக்கு அனுப்பினேன், ஆனால் முடிவுக்காகக் காத்திருக்க அவசியமே இல்லை. அந்தக் குழி நான்கு மாதத்தில் வருவதல்ல. நான் இயல்பு என்று எழுதியபோது அது அங்கே இருந்திருக்கிறது.

கிராம்பு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. இருமலை அமுக்கி வைக்க. இருமுகிறவனை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து அமுக்கியிருக்கிறீர்கள்.

சேகர் எழுதுவதை நிறுத்திவிட்டு விசும்பிக்கொண்டிருந்தார். நான் தைத்தேன். ஊசி மூன்று தரம் வழுக்கி என் கையுறையைக் கிழித்தது, மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டேன். எவ்வளவு முயன்றும் கழுத்தில் இரண்டு தையல் காலருக்கு மேலே வந்துவிட்டது. சேகர் அதைப் பார்த்தார். தன் கழுத்தில் இருந்த துண்டை எடுத்து உங்கள் கழுத்தைச் சுற்றிப் போட்டார்.

மறுநாள் துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் என் அறிக்கையின் நகலும், பக்கத்தில் அந்தப் படிவமும். எப்படித்தான் அத்தனை சீக்கிரம் கிடைத்ததோ. "ரெண்டுலயும் உன் கையெழுத்துதாம்மா இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான். "இறுதி அறிக்கை இன்னும் போகலையே. நுரையீரல்ல ரத்தக்கசிவு, இயற்கை மரணம்னு பொதுவா எழுதிடு. பொய் ஒண்ணும் இல்லையே. நோய் பேரைப் போட்டா, எங்கே தொத்துச்சு, யார் சான்று குடுத்தாங்கன்னு நூல் பிடிச்சுண்டு வருவா. உனக்குத்தான் கஷ்டம்."

பொய் இல்லைதான். அரை உண்மை. நோயின் பெயர் இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் இருப்பவர்களைப் பரிசோதிக்கச் சொல்லி யாரும் எழுத மாட்டார்கள். நோயின் பெயரைப் போட்டேன். நோய் பல மாதங்களாக இருந்திருக்கிறது என்றும் எழுதினேன். இறந்தவரின் குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் உடனே பரிசோதிக்கப்பட வேண்டும் என்று கீழே சேர்த்தேன். படிவத்தைப் பற்றி யாரும் கேட்பதற்கு முன்பு நானே தனியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அது ஒரு தண்டனையா? நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் முதன்முதலாக வந்தது நீங்கள் போன ஒன்பதாம் நாள். ஏழாவது மாடி, லிஃப்ட் ஓடுவதில்லை. நான் நான்காவது மாடியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஐந்து உடல்களை முடித்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, இந்தப் படிகளை நீங்கள் தினமும் அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறீர்கள். கஸ்தூரி என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார். கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். பிரியாவை மட்டும் ஒரு எக்ஸ்ரே எடுக்க அனுப்புங்கள், என்னிடம் வர வேண்டாம், பக்கத்தில் இருக்கும் சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும். பதில் இல்லை. மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் பிரியாவே கதவைத் திறந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "அப்பா எல்லாருக்கும் சொல்வாரும்மா, கதவத் தொறந்து பாத்தாத்தான் தெரியும்னு. வாம்மா" என்று அவள் தன் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் சின்ன நிழல். சளியிலும் கிருமி இருந்தது. ஆரம்பம்தான். ஆறு மாதம் மாத்திரை. முதல் மாதம் வாந்தி எடுத்தாள், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று பயந்து எனக்குப் போன் செய்தாள். கஸ்தூரிக்கு ஒன்றும் இல்லை. சேகருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. மூன்றடி தள்ளி நின்றவளுக்கு எப்படி வரும்?

இப்போது பிணவறைக்குப் போகும்போது கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இருக்கிறது. "பொணத்துக்கு எதுக்கு மேடம் அது?" என்று புதிதாக வந்த போலீஸ்காரர்கள் கேலி செய்கிறார்கள். மாதம் ஒருமுறை சேகரையும் மற்ற இருவரையும் சட்டையைக் கழற்றச் சொல்கிறேன். அவர்களுக்கு வெட்கம். மூச்சை இழு, விடு என்கிறேன். கத்தியையும் நானே எடுக்கிறேன், இன்னும் சுமாராகத்தான் வருகிறது. கத்தியை வைக்கும் முன்பு பேர் சொல்லிப் பேச மட்டும் வரவில்லை. உங்கள் கீறலைப் போடும்போது ஒருதரம் வாயைத் திறந்தேன். பதினெட்டு வருடம் "ஏம்பா" என்றே கூப்பிட்டவளுக்கு, என்ன பேர் சொல்லி உங்களைக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

போன மாதம் பிரியாவின் கடைசி எக்ஸ்ரே வந்தது. நிழல் இல்லை. மூவரும் சுகாதார நிலையத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிரியா சீட்டு வாங்க உள்ளே போனாள். அத்தனை மாதமும் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத கஸ்தூரி, எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"நீங்க அன்னிக்கி அறுக்காம வுட்டிருந்தா என் பொண்ணும் போயிருக்கும். அது எனக்குத் தெரியும். தெரியாம இல்ல."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அவரு நெஞ்சத் தொறந்து பாத்து முடிக்க எம்மா நேரம்மா ஆச்சு உங்களுக்கு?"

"ரெண்டு மணி நேரம் ஆச்சு கஸ்தூரி. எனக்குக் கை பழக்கம் இல்ல."

"உசுரோட இருக்கும்போது ஒரு தபா அந்த நெஞ்சத் தொட்டுப் பாத்திருந்தா எம்மா நேரம் ஆயிருக்கும்?"

கேட்டதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிரியா சீட்டோடு வெளியே வந்தாள். இருவரும் எழுந்து பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்கள். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குக் கொடுக்காத அந்த ஒரு நிமிஷம் என்னிடம் அப்படியே இருக்கிறது. அதை இனி யாருக்குக் கொடுத்தாலும் தீராது.